ரோஜா தைக்கும் ஊர்: மெஸோகோவெஷ்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டின் கடைத்தெருவில் நடந்தால், கறுப்புத் துணியில் சிவப்பு ரோஜாக்கள் நெருக்கமாகத் தைத்த மேசைவிரிப்பும் சட்டையும் எங்காவது கண்ணில் படும். அந்த ரோஜாவின் சொந்த ஊர் மெஸோகோவெஷ்ட். தலைநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சமவெளியும் மலையடிவாரமும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் சிறிய ஊர் அது. அங்கே வாழும் கத்தோலிக்க விவசாயச் சமூகத்துக்கு மத்யோ என்று பெயர். அவர்களுடைய பூவேலையை 2012இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த ஊரைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அருங்காட்சியகம், அடுத்து பழைய குடியிருப்பு, அப்புறம் தையல் நடக்கும் இடம், கடைசியில்தான் கடை. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கண்ணுக்குப் பட்ட முதல் விரிப்பை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். எது நல்ல வேலை என்று கண் பழகுவதற்கு முன்பே பணம் போய்விடுகிறது.

படி 1: சரியான ஊரைத்தான் தேர்ந்தெடுத்தீர்களா?

ஹங்கேரியில் பூவேலைக்கு மிகவும் பெயர்போன ஊர்கள் இரண்டு. தெற்கே டான்யூப் ஆற்றின் பக்கம் இருக்கும் கலோச்சா ஒன்று, மெஸோகோவெஷ்ட் மற்றொன்று. கலோச்சா வேலையில் பெரும்பாலும் வெள்ளைத் துணி, பல வண்ணக் காட்டுப்பூக்கள், நடுநடுவே துணியை வெட்டித் துளையிட்ட வலைவேலை. அந்த ஊர்ப் பெண்கள் வீட்டுச் சுவர்களிலும் பூ வரைவார்கள். மிளகாய்த்தூளுக்கும் அந்த ஊர் பிரபலம். மெஸோகோவெஷ்ட் வேலையில் இடைவெளியே இருக்காது. பெரிய ரோஜாக்கள், அவற்றைச் சுற்றி இலைகள், மொட்டுகள், சில நேரம் பறவைகள் என்று துணி முழுக்க நிரம்பிவிடும். படங்களைப் பார்த்து உங்கள் மனம் எதில் நிற்கிறது என்று முடிவு செய்யுங்கள். இரண்டு ஊரும் நாட்டின் வெவ்வேறு மூலையில் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைக்க வேண்டாம்.

படி 2: கிளம்புவதற்கு முன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னணி தெரியாமல் பார்த்தால் மத்யோ வேலை வெறும் அலங்காரமாகத்தான் தெரியும்.

அந்த ஊரில் ஒரு பழங்கதை சொல்வார்கள். ஒரு பெண்ணின் காதலனைச் சாத்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனைத் திருப்பித்தர வேண்டுமென்றால், கோடைகாலத்தின் மிக அழகான பூக்களை இடுப்பில் முன்பக்கம் கட்டும் ஏப்ரன் துணி நிறையக் கொண்டுவா என்றான். அப்போதோ கடும் பனிக்காலம். பூவுக்கு எங்கே போவது? அவள் அந்த ஏப்ரன் துணி முழுக்க ரோஜாக்களைத் தைத்துக் கொண்டுபோய்க் காட்டினாள், காதலனை மீட்டாள்.

கதைக்கு வெளியே இருக்கும் வரலாறும் இதே அளவு அழுத்தமானது. பழைய வேலை படுக்கை விரிப்பின் ஓரங்களில் சிவப்பும் நீலமுமாக அடக்கமாகத்தான் இருந்தது. ஆட்டுத்தோல் மேலாடை செய்யும் கைவினைஞர்கள் தோலில் தைத்துவந்த வண்ணப் பூக்கள் மெல்லத் துணிக்கும் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இன்று நாம் பார்க்கும் வண்ணப் பெருக்கு உருவாகிவிட்டது. ஹங்கேரியர்கள் அந்த மண்ணில் குடியேறியதன் ஆயிரமாண்டு விழாவுக்காக 1896இல் புடாபெஸ்ட்டில் நடந்த கண்காட்சியில் மெஸோகோவெஷ்ட் வீடு ஒன்றையும் காட்சிக்கு வைத்தார்கள். ஊரின் பெயர் வெளியே பரவியது.

ஆனால் ஊரில் வறுமை. சொந்த நிலம் இல்லாத குடும்பங்கள் வருடத்தில் பாதியைப் பெரிய பண்ணைகளில் ஒப்பந்தக் கூலிகளாகக் கழித்தன. மிச்ச நாளில் பெண்கள் விற்பனைக்காகத் தைத்தார்கள். அதே பெண்கள் தங்கள் உடைக்கு மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. வயிறு கத்தினாலும் கத்தட்டும், உடை மினுங்கினால் போதும் என்பது அந்த ஊர்ப் பழமொழி. ஜிகினாவும் தங்கச் சரிகையும் வாங்கிக் குடும்பங்கள் கடனில் மூழ்க, 1925இல் திருச்சபை தலையிட்டது. மினுக்கும் சரிகைகளைப் பிரித்தெடுத்துத் தீயில் போட்டார்கள். அதற்குப் பிறகு அலங்காரத்தின் முழுப் பாரமும் நூலின் மேல் விழுந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், ஒவ்வொரு ரோஜாவும் வேறு மாதிரி தெரியும்.

படி 3: நாள், வழி, பணம்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. புடாபெஸ்ட்டின் கெலெட்டி ரயில் நிலையத்திலிருந்து மிஷ்கோல்ட்ஸ் போகும் பாதையில் மெஸோகோவெஷ்ட் இருக்கிறது. பயணம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, கால அட்டவணையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். காரில் வந்தால் எம்3 நெடுஞ்சாலை.

ஹங்கேரியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை போவது நல்லது, குளிர்காலத்தில் பட்டறைகள் பல மூடியிருக்கும். நாணயம் ஃபோரின்ட், யூரோ இல்லை. கைவினைஞர்களிடம் வாங்கும்போது ரொக்கம் கையில் இருந்தால் வசதி.

ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனாலும் ஓர் இரவு தங்குவதுதான் என் பரிந்துரை. தையல் பார்க்க வந்த இடத்தில் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது சரிப்படாது.

படி 4: முதலில் அருங்காட்சியகம்

ஊர் நடுவே ஸென்ட் லாஸ்லோ சதுக்கத்தில் மத்யோ அருங்காட்சியகம் இருக்கிறது. சிறியதுதான், அவசரமில்லாமல் பாருங்கள்.

முதலில் உடைகளின் உருவத்தைக் கவனியுங்கள். பெண்களின் பாவாடை நெடுக இறங்கி, அடியில் மட்டும் மணி போல விரியும். மேலுடை உடலோடு ஒட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஆளை உயரமாகக் காட்டும். ஆண்களின் சட்டைக் கை மிக அகலமாக, விரலைத் தாண்டித் தொங்கும். அந்தக் கையின் ஓரத்திலும் பூவேலை. இளைஞர்களும் இடுப்பில் பூ தைத்த நீளமான கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டார்கள். பூ பெண்களுக்கு மட்டும் என்ற எண்ணம் அங்கே இல்லை.

அடுத்து நூல். பழைய சிவப்பு-நீல வேலையையும் பிந்தைய பல வண்ண வேலையையும் மாறி மாறிப் பாருங்கள். வண்ணங்களுக்கு ஊரார் சொல்லும் விளக்கம் இது: கறுப்பு மண், சிவப்பு மகிழ்ச்சி, மஞ்சள் சூரியன், நீலம் துயரம். பச்சை முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான துக்க நிறமாகச் சேர்ந்தது என்பார்கள். இதைக் கேட்ட பிறகு என்னால் அந்தப் பச்சை இலைகளைச் சாதாரண இலைகளாகப் பார்க்க முடியவில்லை.

படி 5: ஹதஷ் குடியிருப்புக்கு நடந்து போங்கள்

ஊருக்குள்ளேயே இருக்கும் பழைய பகுதி ஹதஷ். ஒரே குலத்தைச் சேர்ந்த குடும்பங்கள் அருகருகே வீடு கட்டிக்கொண்டதால் தெருக்கள் நேராக இல்லை, வளைந்து வளைந்து போகும். வெள்ளையடித்த சுவர், நாணல் கூரை, தாழ்ந்த வாசல். வழி தவறினாலும் கவலையில்லை, சில நிமிடங்களில் தெரிந்த இடத்துக்கே வந்து சேர்வீர்கள். சில வீடுகளில் இப்போது பட்டறைகள் நடக்கின்றன. பூ வரைந்த மரச் சாமான் செய்கிறவர்களையும் மண்பாண்டம் வனைகிறவர்களையும் பார்க்கலாம்.

இங்கே தவறவிடக் கூடாத வீடு கிஷ்யாங்கோ போரியின் நினைவு இல்லம். 1876இல் பிறந்து 1954இல் மறைந்த இவர், மத்யோ பூவேலையின் மிகப் பெரிய வடிவமைப்பாளர். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அந்த ஊரில் வரைகிறவர் வேறு, தைக்கிறவர் வேறு. துணியில் பூவை வரைந்து கொடுப்பதற்கென்றே சில பெண்கள் இருந்தார்கள். போரி அவர்களில் ஒருவர். நம் ஊரில் வாசலில் கோலம் போடுகிறவர் அளவுகோல் இல்லாமல் இழுப்பது போல, அச்சு எதுவும் வைத்துக்கொள்ளாமல் துணியின் மீது நேரடியாக வரைந்தார். இன்றைக்கும் அவர் பெயரில் ஹங்கேரியில் தேசிய அளவிலான பூவேலைப் போட்டி நடக்கிறது. சிறிய அறைகள், படுக்கையின் மேல் அடுக்கிய தலையணைகள், எங்கு திரும்பினாலும் ரோஜா. அவ்வளவு பெரிய கலை இவ்வளவு சின்ன வீட்டிலிருந்து வந்திருக்கிறது என்பதே எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம்.

படி 6: ஊசியைக் கையில் எடுங்கள்

1991இல் தொடங்கிய மத்யோ நாட்டுப்புறக் கலைச் சங்கம் இந்தக் கலையை அடுத்த தலைமுறைக்குக் கற்றுத் தருகிறது. தையல் செய்துகாட்டுவதும் பயிற்சியும் எந்த நாளில் நடக்கும் என்று ஊரின் சுற்றுலாத் தகவல் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எல்லா நாளும் இருக்காது.

வாய்ப்புக் கிடைத்தால் ஓர் இலையை மட்டும் தைத்துப் பாருங்கள். அடிப்படை சாட்டின் ஸ்டிச்தான், அதாவது இழைகளைப் பக்கம் பக்கமாக இட்டு வடிவத்தை நிரப்பும் தையல். நூலை இழுத்துச் சுருக்கக் கூடாது, தளரவும் விடக் கூடாது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும், இடையில் துணி தெரியக் கூடாது. ரோஜாவில் வளையம் வளையமாக நிறம் மாறும், ஒவ்வொரு வளையத்துக்கும் இழையின் திசை திரும்பும். ஒரு சின்ன இலைக்கே எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு அது உதவும்.

தைக்கிறவர்களைப் படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். பார்த்ததும் "யோ நபோட்", கிளம்பும்போது "கோஸோனோம்" என்று சொன்னால் முகம் மலரும். முதலாவது வணக்கம், இரண்டாவது நன்றி.

படி 7: இப்போது வாங்கலாம்

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கையால் தைத்ததா, இயந்திரத்தில் தைத்ததா? கையால் தைத்தது "கேஸி", இயந்திரம் "கேபி". நேர்மையான கடைக்காரர் தயங்காமல் சொல்வார். நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.

துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கைவேலையில் முன்பக்கத்து நிறங்களே பின்பக்கமும் நிரம்பித் தெரியும், நூலைத் தொடங்கி முடித்த இடங்களும் தெரியும். இயந்திர வேலையில் பின்பக்கம் பெரும்பாலும் ஒரே நிற அடிநூல் ஓடும், தாங்குவதற்கு வைத்த தாள் போன்ற துணியும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஒரே மாதிரியான இரண்டு ரோஜாக்களை ஒப்பிடுங்கள். மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்திருந்தால் அது இயந்திரம்.

இயந்திர வேலை வாங்குவது தவறில்லை. அதைக் கைவேலை விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான். கைவேலைக்கு விலை கேட்டதும் திகைப்பு வரலாம். அப்போது நீங்கள் தைத்த இலையை நினைத்துக்கொண்டு, விரிப்பில் எத்தனை இலை இருக்கிறது என்று எண்ணுங்கள். பேரம் பேசாதீர்கள் என்று உறுதியாகவே சொல்கிறேன். பெரிய விரிப்புக்குப் பணம் போதவில்லை என்றால், உள்ளங்கை அளவு சின்னத் துணி வாங்குங்கள், ஆனால் கையால் தைத்ததாக வாங்குங்கள்.

படி 8: நேரம் மிச்சமிருந்தால்

மத்யோ மரபு மூன்று ஊர்களுக்குப் பொது. பக்கத்தில் இருக்கும் ஸென்டிஷ்ட்வானும் தார்டும் மற்ற இரண்டு. தார்டில் சிவப்பிலும் நீலத்திலும் கிராஸ் ஸ்டிச் வேலை, பெருக்கல் குறி போல இழைகள் குறுக்கே போகும் தையல். ரோஜாக் கூட்டத்தைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அந்த அமைதி நன்றாக இருக்கும். கால் வலித்தால் ஊர் ஓரத்தில் ஷோரி வெந்நீர்க் குளியலிடம் இருக்கிறது. 1930களின் இறுதியில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது எண்ணெய்க்குப் பதில் கந்தக வெந்நீர் கிடைத்த இடம். நீச்சலுடை மறக்காதீர்கள். இன்னொரு நாள் இருந்தால் கோட்டையும் ஒயினும் உள்ள எகெர் நகரம் பக்கம்தான்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

கைப்பையில் வைத்துக் கொண்டுவாருங்கள். மடிக்கும்போது பூவேலை வெளிப்பக்கம் இருக்கட்டும், நடுவில் ஒரு மெல்லிய பருத்தித் துணியை வையுங்கள். துவைக்க நேர்ந்தால் ஓர் ஓரத்தை ஈரப்படுத்தி வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்து, சாயம் இறங்கவில்லை என்று உறுதி செய்த பின் மிதமான சோப்பில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். ஊறவைக்கவோ முறுக்கிப் பிழியவோ வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போடும்போது தடித்த துண்டை விரித்து, ரோஜாக்கள் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பின்பக்கமிருந்து தேயுங்கள். இல்லாவிட்டால் எழும்பி நிற்கும் இழைகள் நசுங்கித் தட்டையாகிவிடும்.