கேட் லேபில் மார்க் போடுவது எப்படி: ஒரு தட்டு, ஒரு துளை போதும்

கிருஷ்ணகிரிப் பக்கம் கேட்-கேம் (கம்ப்யூட்டரில் பாகத்தை வரைவது கேட், அதை வைத்து மெஷினில் வெட்டுவது கேம்) படிக்கும் பிள்ளைகளில் பலர் நாளைக்கு ஓசூர் சிப்காட்டில் மெஷின் முன்னால் நிற்கப் போகிறவர்கள். திரையில் தெரியும் படத்தை மட்டும் பார்த்து அவர்களுக்கு மார்க் போடக் கூடாது. முதல் இரண்டு வருடம் நானே அப்படித்தான் போட்டேன்.

முதலில் எளிய ஜாப் (செய்யவேண்டிய பாகம்) ஒன்று கொடுங்கள்: 100 × 60 × 10 மி.மீ. அலுமினியத் தட்டு, நட்டநடுவில் 20 மி.மீ. துளை. வரைந்து முடித்ததும் பக்கத்தில் நின்று, "நீளத்தை 120 ஆக்கு தம்பி" என்று சொல்லுங்கள். துளையை நடுவோடு கட்டி வரைந்தவனுக்கு அது நகர்ந்து 60-இல் நிற்கும். ஓரத்திலிருந்து 50 என்று டைமென்ஷன் (அளவு) கொடுத்தவனுக்கு 50-லேயே நிற்கும். டைமென்ஷனை முழுதாகக் கொடுக்காதவனின் ஸ்கெட்ச் கோணிக்கொண்டு போகும். மாற்றுவதற்கு முன் மூன்று படமும் ஒன்றுபோலத்தான் இருந்தன! 20 மார்க்கில் 8 மார்க் இதற்கே வைக்கிறேன். தவறியவன் திருத்தி மறுபடி காட்டட்டும்.

அப்புறம் எடை. கம்ப்யூட்டரைக் கேட்கும் முன் நோட்டில் கணக்குப் போடச் சொல்லுங்கள். பழைய 100 நீளத்துக்குக் கனஅளவு 56.86 கன செ.மீ.; அலுமினியத்தின் அடர்த்தி 2.7, ஆக, சுமார் 153.5 கிராம். திரையில் 446 என்று வந்தால் மெட்டீரியல் ஸ்டீலில் நிற்கிறது. எடையை மட்டும் நம்பவும் வேண்டாம். துளை இடம் மாறினாலும் எடை மாறாது.

அடுத்தது கேம். திரையில் சிமுலேஷன் (வெட்டும் ஒத்திகை) ஓடிவிட்டது என்பது போதாது. மெஷினுக்கான கட்டளை வரிகளை, அதாவது ஜி-கோடைப் பிரின்ட் எடுத்து, ஒரு தப்பை ஒளித்துக் கொடுங்கள். தட்டின் மேற்பரப்பை இசட் (உயரம்) பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, 'ஜி00 இசட்5' (பரப்புக்கு 5 மி.மீ. மேலே வேகமாகப் போ) என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி00 இசட்-5' என்று எழுதுவேன். அந்த ஒரு மைனஸால் டூல் மெஷினின் ரேப்பிட் வேகத்தில் ஜாபுக்குள் இறங்கிவிடும். பேப்பரிலேயே இதைப் பிடிக்கிற மாணவரை நம்பி, மெஷினை ஓடவிடும் சைக்கிள் ஸ்டார்ட் பட்டனைத் தொடவிடலாம்.

கடைசியாக, வெட்டிய ஜாபை அளப்பது. துளைக்கு 20 எச்7 (எச்7 என்பது அளவு எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் குறியீடு) என்றால் 20.000 முதல் 20.021 வரைதான் அனுமதி. ராயக்கோட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி 0.02 லீஸ்ட் கவுன்ட் (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) உள்ள வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். "இதுல 0.021-ஐ எப்படிம்மா பார்ப்பே?" என்றேன். கையிலிருந்த வெர்னியரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி சார் என்று வைத்துவிட்டு, தானாகவே பிளக் கேஜை (துளைக்குள் நுழைத்து அளவு சரியா என்று பார்க்கும் கருவி) தேடிப் போனாள். அவள் தட்டின் ஓரமெல்லாம் பிசிறு. ஆனாலும் அளவெடுப்பதற்கான மார்க்கை முழுசாகக் கொடுத்தேன்.