‘ஃபியர்’ எங்கிருந்து வந்தது? ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடும் முறை

இன்று ‘ஃபியர்’ என்றால் பயம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல்லுக்குப் பயம் என்ற பொருள் கிடையாது. இதை நீங்களே தேடிக் கண்டுபிடிக்கலாம், இணையம் இருந்தால் போதும்.

1. முதலில் பழைய வடிவம். ஆங்கில விக்சனரி என்ற இணைய அகராதியில் சொல்லைத் (fear) தேடி, சொற்பிறப்புப் பகுதிக்குப் போங்கள். பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ (fǣr) என்றிருக்கும். ஏகாரத்தை வாய் அகலத் திறந்து சொல்ல வேண்டும்.

2. அந்த வடிவத்தை நகலெடுத்து பாஸ்வொர்த்-டோலர் (Bosworth-Toller) என்ற பழைய ஆங்கில இணைய அகராதியில் இடுங்கள். இலவசம்தான். கிடைக்கும் பொருள்: திடீர் ஆபத்து, எதிர்பாராத தாக்குதல். மனத்துக்குள் எழும் பயத்துக்கு அன்று ‘எயெ’ போன்ற வேறு சொற்கள் இருந்தன.

3. பலரும் தாண்டிப் போகும் படி இது: சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். பழைய ஆங்கிலக் காப்பியமான ‘பேயோவுல்ஃப்’பின் 1068ஆம் அடியில் ‘அவர்களை ஃபேர் பிடித்தது’ என்று வருகிறது. பயம் பிடித்துக்கொண்டதாக நினைத்துவிடாதீர்கள். அங்கே நடப்பது வெட்டுக்குத்து. வந்து பிடித்தது தாக்குதல். ஆக, ‘ஃபேர்’ வெளியிலிருந்து வருவது. அதனால் ஏற்படும் உணர்வுக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது பழைய ஆங்கிலத்துக்கு அடுத்து வந்த நடு ஆங்கிலக் காலத்தில்தான்.

வினைச்சொல்லையும் விடாதீர்கள். ‘ஃபியர்’ என்றால் அன்று ‘பயப்படு’ இல்லை, ‘பயமுறுத்து’. ஷேக்ஸ்பியர் காலம்வரை அது உயிரோடிருந்தது. அவருடைய ஒரு நாடகத்தில் ‘ஃபியர் பாய்ஸ் வித் பக்ஸ்’ என்கிறான் பெட்ரூச்சியோ என்ற பாத்திரம். இந்த ‘பக்’ பூச்சி அல்ல, பூச்சாண்டி! சின்னப் பையன்களிடம் போய்ப் பூச்சாண்டி காட்டு என்கிறான்.

4. அடுத்து உறவு மொழிகள். ஜெர்மன் ‘கெஃபார்’ இன்றும் ஆபத்தையே குறிக்கிறது. ஆபத்தைக் குறிக்கும் லத்தீன் ‘பெரிகுலும்’ தூரத்துச் சொந்தம். ஆங்கில ‘பெரில்’ அதன் வழிவந்தது. பகரம் எப்படி ஃபகரமானது? லத்தீன் ‘பாத்தெர்’ ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’, ‘பிஸ்கிஸ்’ ‘ஃபிஷ்’. இந்த ஒழுங்கை 1822இல் விளக்கியவர் யாக்கோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்தாரே, அவரேதான்.

5. காதில் ஒன்றுபோல் விழுவதை நம்ப வேண்டாம். பயந்தவரைக் குறிக்கும் ‘அஃப்ரெய்ட்’ (afraid) நம் சொல்லுக்கு உறவே இல்லை. அது பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியில் இருப்பது ‘அமைதி’ என்ற பொருளுள்ள ஜெர்மானியச் சொல். அமைதியைக் குலைக்கப்பட்டவரே ‘அஃப்ரெய்ட்’. உண்மையான உறவு, அதே பொருளில் இருந்து இப்போது வழக்கொழிந்த ‘அஃபியர்ட்’ (afeard).

பயிற்சிக்கு, திகிலைக் குறிக்கும் ‘ஃப்ரைட்’ (fright) சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வடிவம் ‘ஃபிர்ஹ்டு’. ரகரம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.