அமால்ஃபி கடற்கரைக்குப் போகிறீர்களா?

இத்தாலியின் அமால்ஃபி, பொசிதானோ ஊர்களுக்கு ரயில் கிடையாது. பலரும் நேப்பிள்ஸில் இறங்கி, சர்க்கும்வெசுவியானா ரயிலில் சொரெண்டோ போய், அங்கிருந்து பஸ் பிடிக்கிறார்கள். செலவு குறைவுதான். ஆனால் ரயிலில் கூட்டம் நெரியும், ஏசியை எதிர்பார்க்க முடியாது, பெட்டிகளோடு நிற்பது பெரும்பாடு.

கோடையில் போகிறவர்களுக்கு என் ஓட்டு சலெர்னோ எனும் துறைமுக நகர் வழியாகப் போவதற்கே. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் படகுத்துறை. அமால்ஃபிக்குப் படகில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் வீடுகளைக் கடலிலிருந்து பார்ப்பதற்கே இந்த வழியில் போகலாம். பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. குளிர்காலத்தில் பெரும்பாலும் சேவையே இருக்காது. அப்போது பஸ்தான்.

பஸ் டிக்கெட்டை 'தபாக்கி' எனும் புகையிலைக் கடைகளில் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். கடலைப் பார்க்க, சொரெண்டோவிலிருந்து போனால் வலது பக்க ஜன்னல், சலெர்னோவிலிருந்து போனால் இடது. வளைவுகளில் தலைசுற்றும் ஆளென்றால் முன் இருக்கை.

வாடகைக் கார்? வேண்டாம். சாலை குறுகல், பார்க்கிங் கட்டணமோ கொள்ளை.