ப்ளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருக்கிறதா?

தேர்வு முடிந்து ரிசல்ட் வரும் வரை கிடைக்கிற வாரங்களில் சான்றிதழ் வேலையை முடித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் ஊரே வரிசையில் நிற்கும்.

சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லோருக்கும் தெரியும். பலர் கோட்டை விடுவது முதல் பட்டதாரி சான்றிதழில்தான். அரசு நடத்தும் பொறியியல் கவுன்சிலிங் (TNEA) வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை தருவது அதுதான். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று வீட்டில் யாருமே பட்டதாரியாக இருக்கக்கூடாது. விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று மேசை மேசையாகப் போய் வர நாளாகும்.

என் அக்கா மகனுக்கு ஆதாரில் அப்பா பெயர் முத்துக்குமார், ரேஷன் கார்டில் முத்துக்குமாரசாமி. அந்த ஒரு 'சாமி'யால் மூன்று முறை அலைந்தோம்! எல்லா ஆவணத்திலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் படித்ததற்கான சான்று வாங்க வேண்டும். பள்ளி விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது தனிக் கதை, போன் செய்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், பொறியியல் ரேங்க் போட எடுக்கும் கட்-ஆஃப் மதிப்பெண் கணக்கு: கணிதம் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200.