படகு ரிப்பேரில் வேக்குவம் பேக்கிங்: ஒழுகுவது பை அல்ல, படகு

ரெசின் ஊறிய இழைத்துணியின் மேல் பிளாஸ்டிக் பையை டேப்பால் ஒட்டி, உள்ளே உள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சி, ரெசின் இறுகும்வரை அழுத்தி வைப்பதுதான் வேக்குவம் பேக்கிங். போன வாரம் ஒரு தம்பி சின்னப் படகு ஒன்றின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகல ஓட்டையை இப்படி அடைத்துக்கொண்டிருந்தார். துணி படிந்தாயிற்று, ரெசின் ஊறியாயிற்று, பையும் ஒட்டியாயிற்று. பம்ப் ஓடுகிறது, வேக்குவத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் கேஜின் முள் மட்டும் 12 அங்குலத்தைத் தாண்ட மறுக்கிறது. "டேப்புலதான் எங்கயோ லீக் அண்ணே" என்று பையைச் சுற்றிச் சுற்றி வந்து கட்டைவிரலால் டேப்பை அழுத்திக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் ஒரு காலத்தில் அதே மாதிரி நின்று அதே மாதிரி அழுத்தியவன்தான்.

கையுறை போடுவது, கலவை விகிதத்தைச் சரியாக அளப்பது எல்லாம் டப்பாவின் மேலேயே எழுதியிருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். டப்பாவில் எழுதாத தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

படகைச் சோதிக்காமல் ரெசின் கலப்பது

அச்சில் புதிதாக ஒரு பொருள் செய்யும்போது, அடியில் இருக்கும் அச்சு வழியாகக் காற்று வராது. ரிப்பேரில் அடியில் இருப்பது அடிபட்ட பழைய படகு. பைக்கு இரண்டு பக்கம்: மேலே பிளாஸ்டிக், கீழே படகு. எல்லோரும் பிளாஸ்டிக்கை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். பால்சா கோர் (வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் லேசான பால்சா மரப் பலகை) வைத்த சிறிய பாய்மரப் படகு. வெளித்தோல் உடைந்து கோர் தெரிந்தது, அந்த இடத்தில் உள்தோலில் கீறல்கூட இல்லை. கெட்டுப்போன கோரை எடுத்துவிட்டுப் புதிய துண்டு வைத்தேன். ஓரத்தை 12-க்கு 1 என்று, அதாவது தோலின் தடிமனைப்போல 12 மடங்கு நீளத்துக்குச் சரித்துத் தேய்த்தேன். நான்கு அடுக்குத் துணி, மேலே பீல் பிளை (இறுகியபின் உரித்தெடுக்கும் துணி), துளை போட்ட ரிலீஸ் ஃபிலிம் (ரெசின் ஒட்டாத பிளாஸ்டிக் தாள்), பிரீதர் (காற்று ஓட வழிவிட்டு மிச்ச ரெசினைக் குடிக்கும் பஞ்சு விரிப்பு), பை. எல்லாம் முறைப்படி. ஆனாலும் முள் ஏறவில்லை. டேப்பை அழுத்தினேன், இன்னொரு வரிசை டேப் ஒட்டினேன். கடைசியில் பெரிய பம்பைக் கொண்டுவந்து மாட்டினேன். முள் 18-க்கு ஏறியது. நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நிம்மதிதான் வேலையைக் கெடுத்தது. மறுநாள் பீல் பிளையை உரித்தால், ரெசின் முழுக்கக் குமிழி. அதுவும் கண்டபடி சிதறிய குமிழி இல்லை. கணக்கு நோட்டில் கட்டம் போட்டதுபோல நெடுக்கும் குறுக்குமாகக் கோடு கோடாக நின்றது. பால்சா பலகை படகின் வளைவுக்கு வளைய வேண்டும் என்பதற்காக அதைச் சின்னச் சின்னக் கட்டமாக அறுத்து, ஒரு பக்கம் மெல்லிய வலைத்துணியில் ஒட்டியிருப்பார்கள். அந்த அறுப்பு இடுக்குகள்தான் காற்றுக்கு வாய்க்கால். ஓட்டையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, படகின் உட்புறத்தில், எப்போதோ கழற்றிப்போட்ட ஏதோ ஒரு உதிரிபாகத்தின் திருகு ஓட்டை திறந்தே கிடந்தது. காற்று அது வழியாக நுழைந்து, இடுக்கு வழியாக ஓடி, ஈர ரெசினைத் துளைத்துக்கொண்டு என் பம்புக்கு வந்திருக்கிறது. பம்பைப் பெரிதாக்கியபோது நான் பையை இறுக்கவில்லை, ரெசினுக்குள் இன்னும் அதிகக் காற்றை இழுத்துவிட்டேன்.

நான்கு அடுக்கையும் கிரைண்டரால் தேய்த்து எடுக்க இரண்டு நாள் ஆனது. தேய்க்கும்போது சரிவும் அகலமானது, இரண்டாம் முறை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு துணி பிடித்தது. இன்றைக்கும் யாராவது கேஜைப் பார்த்துவிட்டு நேரே டேப்பை அழுத்தப் போனால் எனக்குக் கோபம் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். தேய்ப்பு முடிந்ததும், துணி வெட்டுவதற்கு முன்பே, வெறும் படகின் மேல் பிரீதரை விரித்துப் பையை ஒட்டிப் பம்பை ஓட்டுங்கள். முள் நின்றதும் வால்வை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். ஓர் அங்குலம் இறங்கினால் பரவாயில்லை. மளமளவென்று இறங்கினால் முதலில் டேப், அடுத்து படகின் உட்புறம். சோப்புத் தண்ணீர் தடவாதீர்கள். இங்கே காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது, தண்ணீரும் கூடவே கோருக்குள் போய்விடும். பழந்துணி மாதிரி தொளதொளப்பான மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒவ்வொரு திருகு ஓட்டையின் மேலும், விரிசல் மேலும் காட்டிக்கொண்டே போங்கள். காற்று இழுக்கும் இடத்தில் அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஓசை கேட்க வேண்டுமானால் ஒரு மெல்லிய டியூப்பின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை நகர்த்துங்கள்.

கிடைத்த ஓட்டையை மாஸ்டிக் டேப்பால் (பை ஒட்டும் அதே பிசுபிசுப்பான டேப்) அமுக்கி மூடுங்கள். விரிசலுக்குக் கெட்டியாகக் குழைத்த எபாக்ஸி ரெசின். ஓட்டையின் விளிம்பில் தெரியும் கோரின் வாய்க்கும் அதே எபாக்ஸியைத் தடவி இறுக விடுங்கள். பிறகு மறுபடி சோதனை. உட்புறம் முழுக்கப் பொடிப்பொடியாக விரிசல் விட்டிருந்தால், அந்தப் பக்கத்துக்கும் ஒரு பை ஒட்டி இரண்டையும் சேர்த்து இழுப்பதுதான் வழி.

தம்பியின் படகில் இருக்கைக்கு அடியில் இரண்டு ஓட்டை கிடைத்தது. ரெசின் அப்போதே கெட்டியாக ஆரம்பித்திருந்ததால் அந்த வேலையைக் காப்பாற்ற முடியவில்லை.

ஈரக் கோரின் மேல் வேலை செய்வது

30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க, அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் போதும். நல்ல பம்ப் அந்த அளவை எட்டிவிடும். அவ்வளவு இறங்காவிட்டாலும் ரெசின் இறுகும்போது வரும் சூடு ஈரத்தை ஆவியாக்கும், அந்த ஆவி ரெசினில் குமிழியாக நிற்கும். கோர் காய்ந்துவிட்டதா என்று சந்தேகமாக இருந்தால், இன்னும் காயவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முழு வேக்குவம் போட்டால்தான் பலம் என்று நினைப்பது

20 அங்குலத்திலேயே ஒரு சதுர அடிக்கு 600 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழுகிறது. கையால் ஊற வைத்த துணிக்கு அதற்கு மேல் அவசியமில்லை, பெரும்பாலும் 15 போதும். நீர்த்த ரெசினோடு முழு வேக்குவத்தைச் சேர்த்தால் இருக்க வேண்டிய ரெசினையும் பிரீதர் குடித்துவிடும், துணி வறண்டு வெள்ளையாகத் தெரியும். பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற எளிதில் ஆவியாகும் திரவம் இருப்பதால் அதிக வேக்குவத்தில் அதுவே கொதித்துக் குமிழி விடும். ரிப்பேருக்கு எபாக்ஸிதான், பழைய லேமினேட்டில் (இறுகிப்போன துணி-ரெசின் அடுக்கில்) அதன் பிடிப்பே தனி.

எபாக்ஸியோடு சாதாரண மேட்

வேண்டாம். துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிச் செய்த விரிப்புதான் மேட். அந்தப் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை.

பையைத் துணி அளவுக்கே வெட்டுவது

உள்மூலைகளில் பை விறைத்துப் பாலம் போல நிற்கும், அதன் அடியில் ரெசின் குளம் கட்டும். மூலைக்கு மூலை தாராளமாக மடிப்பு விடுங்கள், மடிப்பின் உள்ளேயும் டேப் ஒட்ட வேண்டும்.

டேப் ஒட்டும் இடத்தில் ரெசின் படிய விடுவது

முதல் துணி வைப்பதற்கு முன்பே ஓரத்தில் மாஸ்கிங் டேப் போடுங்கள். பை ஒட்டும் நேரத்தில் உரித்தால் அடியில் சுத்தமான பரப்பு இருக்கும்.

அவசர ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கக் கலப்பது)

பையை ஒட்டி முடிக்க நீங்கள் நினைக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆகும். மெதுவான ஹார்டனரை எடுங்கள், கலந்ததை அகலமான தட்டில் ஊற்றி வையுங்கள். கப்பிலேயே குவித்து வைத்தால் சூடேறிப் புகையும்.

ரெசின் பிடிக்கும் டிராப் (பைக்கும் பம்புக்கும் நடுவில் வைக்கும் பாத்திரம்) இல்லாமல் பம்ப் ஓட்டுவது

ரெசின் ஒரு முறை உள்ளே போனால் பம்ப் போயிற்று.

பம்பைச் சீக்கிரம் நிறுத்துவது

மீந்த கலவையை ஒரு கப்பில் எடுத்து வையுங்கள், ஆனால் அதை நம்பி நிறுத்தாதீர்கள். குவியலாக இருப்பதால் கப்பில் முதலில் இறுகும், மெல்லிய லேமினேட் பின்னால்தான் இறுகும். பையின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ரெசினில் நகம் பதியாத வரை பம்ப் ஓடட்டும்.