ஒருநாள் பயிற்சி, மறுநாள் ஒரு குழந்தை

காலை பத்து மணிக்குக் குத்துவிளக்கு. பத்தே முக்கால் வரை சால்வை. அப்புறம் வக்கீல் ஒருவர், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவுகளை வரிசையாகத் திரையில் ஓட்டுவார். மதியம் வெஜ் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. ஆசிரியர்கள், நர்சுகள், மகளிர் போலீசார், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் களப்பணியாளர்கள் என்று நூறு பேர் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து எழுந்து போவார்கள். இந்த மாதிரிப் பயிற்சிகளில் பின்வரிசையில் கொட்டாவியும் விட்டிருக்கிறேன், மேடையில் மைக்கும் பிடித்திருக்கிறேன். கீழே வரும் தவறுகளில் பாதி நானும் செய்தவைதான்.

மறுநாள் காலை அந்த நூறு பேரில் ஒருவரிடம் ஒரு குழந்தை வந்து, "மிஸ், ஒண்ணு சொல்லணும்" என்கிறது. எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு தண்டனை என்று அவருக்கு ஓரளவு ஞாபகம் இருக்கும். வாயைத் திறந்து முதலில் என்ன சொல்வது என்பதை மட்டும் முந்தின நாள் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த இடத்தில் பலரும் சொல்வது: "சொல்லும்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அன்பில் வருகிற வார்த்தைதான். ஆனால் போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்ட நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. ஆக, அந்த வாக்குறுதி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஏற்கெனவே ஒரு பெரியவர் "இது நமக்குள்ள ரகசியம்" என்று சொல்லித்தான் அந்தக் குழந்தையை மடக்கி வைத்திருந்தார். இப்போது இரண்டாவது பெரியவரும் ஏமாற்றியதாக ஆகிவிடும். "உன்னைப் பாதுகாக்க ரெண்டு மூணு பேர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடறேன்" என்று பயிற்சி மண்டபத்திலேயே எல்லோரையும் வாய்விட்டு நாலு தடவை சொல்ல வைக்கலாம். பத்து நிமிட வேலை.

எட்டு முறை சொன்ன கதை

ஒரு குழந்தை நடந்ததை எத்தனை பேரிடம் சொல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அம்மா, வகுப்பு ஆசிரியர், தலைமை ஆசிரியர், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலிருந்து வந்தவர், அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் எஸ்.ஐ., அரசு மருத்துவமனை டாக்டர், குழந்தைகள் நலக் குழு, மாஜிஸ்திரேட். எட்டாயிற்று, கோர்ட் இன்னும் வரவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் துறைப் பயிற்சியில் "குழந்தையிடம் கனிவாகக் கேளுங்கள்" என்று கற்றவர்கள். எல்லோரும் கனிவாகத்தான் கேட்கிறார்கள். எட்டு முறை.

துறைவாரியாகத் தனித்தனியே பயிற்சி கொடுப்பதால் வருவது இது. ஆசிரியருக்கு முழுக் கதையும் தேவையே இல்லை. யார், என்ன, ஏறக்குறைய எப்போது, குழந்தை இன்று வீட்டுக்குப் போனால் ஆபத்தா, இவ்வளவு போதும். மீதியைக் கேட்க வேறு ஆள் இருக்கிறார் என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். அந்த ஆளின் முகத்தையே பார்த்திராதவர் அதை எப்படி நம்புவார்? அமெரிக்காவின் அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் நகரில் 1985இல் தொடங்கிய குழந்தைகள் மையமும், ஐஸ்லாந்தில் 1998இல் வந்த 'பார்னஹுஸ்' என்ற குழந்தைகள் வீடும் போலீஸ், டாக்டர், சமூகப் பணியாளர் எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் குழந்தையிடம் வர வைத்தன. நம் மாவட்டங்களில் கட்டடத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த பயிற்சியில் நாற்காலிகளைத் துறைவாரியாகப் போடாமல் கலந்து போட்டால் அதுவே ஒரு தொடக்கம்.

கேள்வி கேட்கும் விதத்துக்கு வருவோம். "அவன் உன்னைத் தப்பா தொட்டானா?" என்ற ஒரே கேள்வியில் ஆள், செயல், தீர்ப்பு மூன்றையும் பெரியவரே சொல்லி முடித்துவிடுகிறார். குழந்தைக்குத் தலையாட்டும் வேலை மட்டும்தான் மிச்சம். இதன் விலை என்ன என்பதை கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு காட்டியது. 1983இல் எழுந்த புகாரையொட்டி நூற்றுக்கணக்கான குழந்தைகளை பொம்மைகள் வைத்துத் துருவித் துருவிக் கேட்டார்கள். மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டார்களே என்று தூண்டினார்கள். 1990 வரை இழுத்த வழக்கில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. குழந்தை தானாகச் சொன்னது எது, பெரியவர் வாயில் ஊட்டியது எது என்று பிரிக்கவே முடியாமல் போயிற்று.

அதன் பிறகு பல நாடுகளில் பரவிய நேர்காணல் முறைகளின் சாரத்தைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: அப்புறம். "என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு." "அப்புறம்?" நாம் கதை கேட்டு வளர்ந்த சொல். அதைவிட நல்ல திறந்த கேள்வி எந்தக் கையேட்டிலும் இல்லை என்பது என் கருத்து. கஷ்டம் கேள்வியில் இல்லை, அதற்குப் பிறகு பத்து நொடி வாயை மூடிக்கொண்டு இருப்பதில்தான். அதைப் பயிற்சியில் செய்துபார்க்க வேண்டும். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் இன்று காலையில் வீட்டிலிருந்து கிளம்பியதைச் சொல்லட்டும், மற்றவர் 'அப்புறம்' தவிர வேறெதுவும் கேட்கக் கூடாது. இருபது வருட சர்வீஸ் உள்ளவர்கள்கூட இரண்டு நிமிடத்தில் குறுக்கே பாய்வார்கள். (குழந்தையாக நடிக்கச் சொல்லி ரோல்பிளே வைக்காதீர்கள். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.)

வெளியூர்க் கையேடுகளை அப்படியே மொழிபெயர்த்துப் பயிற்சி கொடுக்கும்போது நழுவிப்போகிற சங்கதி உறவுச்சொல். நம் குழந்தைக்கு அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, மாடி வீட்டுக்காரரும் மாமா, ஆட்டோ ஓட்டுபவரும் மாமா. "மாமா செஞ்சாங்க" என்று எழுதிக்கொண்டு போனால் தவறான ஆளைப் பிடிக்க நேரலாம். எந்த மாமா, எங்கே இருப்பார், வேறு யாரெல்லாம் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். இதில் இன்னொரு கூத்து, நிலையத்துக்கு வந்த அம்மா பதற்றத்தில் வாசலில் நிற்கும் ஏட்டைக் காட்டி, "மாமா கேட்பாங்க, எல்லாத்தையும் சொல்லிடு" என்பார். குழந்தை அப்போதே வாயை மூடிவிடும். 24ஆம் பிரிவு குழந்தையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, இயன்றவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது. மஃப்டியில் போனால் போதும் என்று இதைச் சுருக்கிக் கற்பிக்கிறோம்.

அப்புறம், நிலையத்தில் வாக்குமூலத்தை எழுதும் ரைட்டரின் பேனா. "அந்த அங்கிள் என் ஜட்டிக்குள்ள கை விட்டாங்க" என்று ஏழு வயதுக் குழந்தை சொன்னது, காகிதத்தில் "எதிரி பாலியல் இச்சையுடன் மேற்படி சிறுமியிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக" என்று மாறிவிடும். ஒன்றரை வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் "இச்சைன்னா என்னம்மா?" என்று கேள்வி வரும், குழந்தை முழிக்கும். குழந்தை சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும் என்று 26ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ரைட்டரையும் பயிற்சிக்கு அழைக்க வேண்டும் என்று ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை.

டாக்டர், ஆண் குழந்தை, பிறழ் சாட்சி

மருத்துவப் பக்கத்தில் பெரிய தவறு, 'காயம் இல்லை, எனவே எதுவும் நடக்கவில்லை' என்ற முடிவு. துன்புறுத்தப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பரிசோதனையில் எல்லாம் இயல்பாகவே இருக்கும். பல செயல்கள் தடயம் விடுவதில்லை, விட்டாலும் சீக்கிரம் ஆறிவிடும். பிறப்புறுப்புக்குள் விரல் விட்டு, உடலுறவுக்குப் பழகியவரா என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனை அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2022இல், அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி ஆவார், மருத்துவப் பாடத்திலிருந்தே அதை எடுங்கள் என்று மறுபடி சொல்ல வேண்டி வந்தது. சுற்றறிக்கை அனுப்பினால் டாக்டரின் கை பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் என்று நம்புவதும் ஒரு பயிற்சித் தவறுதான்.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் குழந்தைகள். நம் பயிற்சித் திரையில் வரும் படமெல்லாம் இரட்டைச் சடைச் சிறுமி.

இன்னொன்று, குழந்தை பின்வாங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது. தாமதமாகச் சொல்வதும், சொன்னதை மறுப்பதும் இந்த விஷயத்தின் இயல்பு என்று அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சமிட் 1983லேயே எழுதிவிட்டார். குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்து, அவர் சம்பாத்தியத்தில்தான் அடுப்பு எரிகிறது என்றால் குழந்தை என்ன செய்யும்? இது தெரியாத எஸ்.ஐ., குழந்தை கோர்ட்டில் முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ் சாட்சி ஆனதும் "இவங்களுக்காகவா ஓடினோம்" என்று கசந்துபோகிறார். அடுத்து வரும் குழந்தையைச் சந்தேகத்தோடு பார்க்கிறார். வழக்கு முழுக்கக் குழந்தையின் கூடவே இருக்க 2020 போக்சோ விதிகள் 'உதவி நபர்' என்று ஒருவரை வைத்திருக்கின்றன. அவர் தேவையா இல்லையா என்பதைப் பெற்றோர் முடிவுக்கு விட்டுவிடாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. அவருக்குத் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பதும் விதிகளில் உண்டு. அந்தப் பணத்துக்கு எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் மனுக் கொடுப்பது என்று ஒரு பயிற்சியிலாவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நாற்காலியில் இருப்பவர்கள்

2007 ஆய்வின் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். அந்த விகிதத்தை மனதில் வைத்தால், மண்டபத்தின் நூறு நாற்காலிகளில் பலவற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் அதே அனுபவத்தைத் தாண்டி வந்தவர்கள். நாமோ விளக்கை அணைத்து, மனதைப் பிழியும் குறும்படம் ஒன்றைப் போட்டு, கண்ணீரைப் பார்த்து 'பயிற்சி நன்றாகப் போய்ச் சேர்ந்தது' என்று திருப்திப்படுகிறோம். குழந்தையாக நடிக்கச் சொல்வது, "உங்க சின்ன வயசு அனுபவத்தைப் பகிர்ந்துக்கங்க" என்று மைக் நீட்டுவது இரண்டும் அதைவிட மோசம். நான் ஒருமுறை அப்படி மைக் நீட்டினேன். எழுந்து வெளியே போன பெண் மதியத்துக்கு மேல் திரும்பவில்லை. காலையிலேயே "எப்போ வேணும்னாலும் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிடுவது எளிது. அதை நான் அன்று செய்யவில்லை.

வேலையில் சேர்ந்த பிறகான கதை வேறு. தூக்கம் கெடும். தன் பிள்ளையை ட்யூஷனுக்கு அனுப்பப் பயம் வரும், கணவர் குழந்தையைக் குளிப்பாட்டினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். சொன்னால் "இந்த வேலைன்னா ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்று பதில் வரும். சில அலுவலகங்களில் மகளிர் தினத்தன்று யோகா வகுப்பு வைப்பார்கள். கொஞ்சம் அக்கறை உள்ள இடத்தில் மோசமான வழக்குக்குப் பிறகு எல்லோரையும் ஒருமுறை உட்கார வைத்து, மனதில் உள்ளதைக் கொட்டச் சொல்வார்கள். இப்படி ஒரே ஒரு அமர்வில் கொட்ட வைப்பது பிந்தைய மனப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு சொன்னது. சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இதைச் செய்யவே வேண்டாம் என்கிறது.

அந்த இடத்தில் வேண்டியது மாதம் ஒருமுறையாவது, வழக்கை அறிந்த மூத்தவர் ஒருவரோடு ஒரு மணி நேரம். ஃபைல் பார்க்கும் கூட்டத்தையே மேற்பார்வை என்று நினைத்துவிடுகிறோம். "எத்தனை பெண்டிங்?" என்று மட்டும் கேட்கும் கூட்டத்தில் "அந்த வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு சார், அதான் போகலை" என்று எவரும் சொல்ல மாட்டார். லண்டனில் 2000ஆம் ஆண்டு, உறவினர் வீட்டுச் சித்திரவதையில் எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே இறந்தாள். சமூகப் பணியாளர், டாக்டர், போலீஸ் எல்லோரும் பார்த்த குழந்தை. காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்று அந்தச் சாவை விசாரித்த லேமிங் பிரபுவின் 2003 அறிக்கை கணக்கிட்டது. கீழ்நிலைப் பணியாளரை மட்டும் குற்றம் சாட்டி முடித்துக்கொள்ளாமல், அவர்களை மேற்பார்வை செய்யாமல் விட்ட மேலதிகாரிகளையும் அது சாடியது.

நம் களப்பணியாளர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். குழந்தையைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக் கட்டணத்தைத் தன் பையிலிருந்து போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருப்பவருக்கு 'சுய பராமரிப்பு' ஸ்லைடு காட்டினால் எரிச்சல்தான் வரும். வவுச்சர் பாஸானால் அவர் பாதி தெளிவார்.

போலீசில் சிக்கல் இடமாற்றம். நன்றாகத் தேறிய எஸ்.ஐ. ஆறே மாதத்தில் திருவிழா பந்தோபஸ்துக்கோ டிராஃபிக்குக்கோ போய்விடுவார், புதியவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். அதை என்னால் மாற்ற முடியாது. இப்போதெல்லாம் பயிற்சி முடியும்போது, சான்றிதழின் பின்பக்கத்தில் வேறு துறையைச் சேர்ந்த இருவரின் போன் நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு நர்ஸுக்கு ஒரு எஸ்.ஐ., ஓர் ஆசிரியருக்கு நலக் குழு உறுப்பினர், அப்படி. போன மாதம் இரவு ஒன்பதரைக்கு ஓர் ஆசிரியை அதில் ஒரு நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தவர் டிராஃபிக்குக்கு மாறிப்போன அதே எஸ்.ஐ.தான். "நான் இப்ப அங்க இல்லம்மா, ஆனா லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, புதிய எஸ்.ஐ.யை அதே அழைப்பில் சேர்த்துவிட்டாராம்.