வீதியோரத்திலிருந்து கிளினிக் வரை: யாழ்ப்பாணத்தில் உளநலப் பணிக்கு நிதி கேட்டு விண்ணப்பிக்கும் முறை

யாழ்ப்பாண மாவட்டத்தில் வீடின்றிக் கடைத்தெருவிலும் பஸ் நிலையத்திலும் கோயில் மடங்களிலும் தங்கியிருப்போரின் உளநலத்துக்காக உழைக்க விரும்பும் சிறு அமைப்பு, முன்மொழிவை எழுதத் தொடங்குமுன் எதற்குப் பணம் கேட்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆகவே புதிய கிளினிக் திறக்க நிதி கேட்பது, இருப்பதையே மறுபடி கட்டுவதாகும். வீதியோரத்தில் படுத்திருப்பவரைப் பலமுறை சந்தித்துப் பழகி, அவர் சம்மதித்த நாளில் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்று, அடுத்த மாதமும் தேடிப்போய் அழைத்துவரும் ஒருவரே இங்கு குறைவு. முன்மொழிவு முழுவதும் அந்த ஒருவரைச் சுற்றியே அமைய வேண்டும்.

அமைப்பின் பதிவு முதலில் ஒழுங்காக இருக்க வேண்டும். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவும் மேற்பார்வையும் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்துக்கு உட்பட்டவை. பதிவுச் சான்றிதழ், யாப்பு, கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கறிக்கை, அமைப்பின் பெயரிலான வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

அடுத்து, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஆகியோரிடம் கடிதம் பெற வேண்டும். "இப்பணி சிறக்க வாழ்த்துகிறோம்" என்ற கடிதத்தால் பயன் சிறிது. நாம் கூட்டி வருவோரை எந்தக் கிழமையில், எந்தக் கிளினிக்கில், யார் பார்ப்பார் என்று எழுதிய இரண்டு வரிகள் அதைவிடப் பெறுமதியானவை.

தேவையை விளக்கும் பகுதிக்கு நாட்டளவிலான புள்ளிவிபரங்களைத் தேடி அலைவதைவிட, நீங்களே எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒரே வாரத்தில், ஒரே இடங்களில், இரவு கடை பூட்டிய பின் எண்ணுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களில் எண்ணினால் தொகை ஏறித் தெரியும். அன்னதானத்துக்குப் பேர்பெற்ற தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் பகலில் எண்ணினால், சாப்பிட வந்தவரும் தங்க இடமற்றவரும் ஒன்றாகிவிடுவர். வீடிருந்தும் நோயினாலோ குடும்பப் பிணக்கினாலோ வெளியேறியவர்களைத் தனியாகக் குறியுங்கள். அவர்களுக்கான பணி வேறு. எவருடைய முகமும் பெயரும் விண்ணப்பத்தில் இடம்பெறக் கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் நோயாளியின் படத்தைக் காட்டிப் பணம் கேட்பது முறையன்று.

பாதீட்டில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுமாறுகின்றன. பயிற்சிப் பட்டறைக்கும் பதாகைக்கும் தாராளமாக ஒதுக்கிவிட்டு, களப்பணியாளரின் சம்பளத்தைச் சுருக்குவது வழக்கமாகிவிட்டது. பஸ் கட்டணம், அவசரத்துக்கு முச்சக்கரவண்டி, தொலைபேசி, மாற்றுடுப்பு, கிளினிக்கில் காத்திருக்கும்போது கொடுக்கும் சாப்பாடு ஆகிய ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதிக்கும் தேசிய அடையாள அட்டைக்குமான செலவை மறக்க வேண்டாம்: இடப்பெயர்வுகளில் ஆவணங்களை இழந்தவர் பலர், அடையாள அட்டை இல்லாமல் அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசும போன்ற கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பதும் கடினம். பெண்களை அணுகப் பெண் பணியாளர் ஒருவர் கட்டாயம் தேவை; இரவுப் பணிக்கு இருவராகவே செல்ல வேண்டும் என்பதால் சம்பளமும் இரண்டாகும். இதை மறைத்துத் தொகையைக் குறைத்துக் காட்டினால் நடுவழியில் பணி நின்றுவிடும்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். ஜப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம் பெரும்பாலும் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் உரியது. நடைமுறைச் செலவை அதில் கேட்பது வீண். புலம்பெயர் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பிறந்த நாளுக்கும் திவசத்துக்கும் ஒருநேரச் சாப்பாடு கொடுக்க உடனே முன்வரும், சம்பளம் என்றால் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் குறைகூறுவதில் பயனில்லை. ஒரு பணியாளரின் ஒரு மாதச் செலவை அலகாக வகுத்து, "இந்த மாதம் உங்கள் தாயாரின் நினைவாக" என்று கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெறுபேறாக எத்தனை பேரைச் சந்தித்தோம் என்று எழுதாமல், ஆறு மாதத்தின் பின்னும் எத்தனை பேர் கிளினிக்குக்கு வருகிறார்கள் என்று எழுதுங்கள். இடர்கள் பற்றிய பகுதியில், 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் கீழ் இவர்கள் கைதுசெய்யப்படக்கூடும் என்பதையும், அப்போது பொலிஸ் நிலையத்தில் யார் பேசுவார் என்பதையும் குறிப்பிடுங்கள். உளநோயைக் கட்டுப்படுத்தும் மருந்தை மாதாந்த ஊசியாகப் பெறும் ஒருவர் அது தவறினால் மீண்டும் நோயுறக்கூடும் என்பதால், நிதி முடியும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பே அவரை யாரிடம் ஒப்படைப்பது என்று வைத்தியசாலையின் உளநலப் பிரிவுடன் எழுத்தில் உடன்பட்டு, அந்தக் கடிதத்தையும் விண்ணப்பத்துடன் இணையுங்கள்.